உடனே கேட்கும் மருந்தும் மெல்லக் கேட்கும் மருந்தும்

மனக்கொந்தளிப்பைத் தணிக்கும் மருந்துகளின் வரலாற்றில் கொல்கத்தாவுக்கு ஓர் இடம் உண்டு. 1931இல் அந்நகரின் மருத்துவர்கள் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேரின் தணிக்கும் ஆற்றலை மருத்துவ இதழொன்றில் விவரித்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். ஆனால் 1960இல் குளோர்டயசிபாக்சைடும் 1963இல் டயசிபாமும் கடைக்கு வந்தபின், பதற்றத்துக்கு மருந்து என்றாலே இவை சார்ந்த பென்சோடயசிபைன் வகை என்றாகிவிட்டது.

மூளையில் நரம்புச் செல்களின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் தனக்குரிய ஏற்பியில் பொருந்தியதும், குளோரைடு அயனிகள் செல்லுக்குள் புகுந்து அதை அமைதிப்படுத்துகின்றன. பென்சோடயசிபைன் அதே ஏற்பியின் வேறோரிடத்தில் ஒட்டிக்கொண்டு காபாவின் வேலையைக் கூட்டுகிறதேயொழிய, காபா இல்லாமல் தானாக எதையும் செய்வதில்லை. ஆகவே தனியாக உட்கொள்ளும்போது பெரும்பாலும் உயிருக்கு உலைவைக்காத இம்மருந்து, மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக்கூடும்.

பென்சோடயசிபைன் வகையைச் சேர்ந்த அல்பிரசோலம் ஒரு மணி நேரத்துக்குள் கேட்டுவிடுகிறது. சிக்கலும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடுவதால், நீண்டகாலப் பதற்றத்துக்கு மருத்துவர்கள் முதலில் நாடுவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவற்றையே. நரம்பிணைப்புகளில் செரோடோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் இவை பலன் தர 2 முதல் 6 வாரங்கள் ஆகலாம் என்பதோடு, தொடக்கத்தில் படபடப்பைச் சற்றே கூட்டவும் செய்யும்; இதைச் சொல்லாமல் சீட்டெழுதி அனுப்பினால், நோயாளி மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவதில் வியப்பில்லை.

மின்சார இன்ஜின் பணிமனை அமைந்த சாந்த்ராகாச்சி போன்ற ரயில்வே ஊரில் இந்தத் தேர்வு பணிப் பாதுகாப்பையும் சார்ந்தது. டயசிபாம் உடலில் சிதைந்து உருவாகும் பொருளும் வீரியமுள்ளதாய் நாள்கணக்கில் தங்குவதால், இரவில் விழுங்கிய மாத்திரையின் மந்தம் மறுநாள் வண்டி ஓட்டுபவரின் கையிலும் கண்ணிலும் தெரியக்கூடும்.

2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசிபாம் ஆகியவை இந்திய மருந்து விதிகளின் எச்-1 பட்டியலில் உள்ளன. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப்பதிவேட்டில் குறித்து, அதை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி வாங்கும் பழக்கத்தை இது எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது கடைக்காரரைப் பொறுத்தது. மாதக்கணக்கில் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மையும் நடுக்கமும், சில வேளை வலிப்பும் வரலாம் என்பதால், மருத்துவர்கள் அளவை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கின்றனர்; குறுகிய நேரமே நிற்கும் அல்பிரசோலத்தை நிறுத்துவது கடினமாயிருந்தால், அதற்கு ஈடான டயசிபாமுக்கு மாற்றிவிட்டுப் பிறகு குறைப்பதும் உண்டு.