அயலார் என்பவர் யார்?

பிறரிடம் அன்பு காட்டச் சொல்லாத பெரிய மதம் எதுவும் இல்லை. தனக்கு நேர்ந்தால் எது வலிக்குமோ அதைப் பிறருக்குச் செய்யாதிருக்க வேண்டும் என்று சீனத்தில் கன்பூசியஸ் தம் மாணவருக்குச் சொன்னார். மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் அதே நெறி வருகிறது. பௌத்தமும் சமணமும் அதை மனிதரோடு நிறுத்தாமல் எல்லா உயிர்களுக்கும் விரித்தன. எருசலேமில் வாழ்ந்த யூத அறிஞர் ஹில்லேலிடம் ஒருவர் வந்து, தாம் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் யூதரின் வேதநூலான தோரா முழுவதையும் கற்றுத்தர முடியுமா என்று கேட்டாராம். ஹில்லேல் இந்த நெறியைச் சொன்னார். எஞ்சியதெல்லாம் இதற்கு உரைதான் என்று கூறி, போய்ப் படிக்கும்படி அனுப்பிவைத்தார் என்கிறது யூத மரபுநூலான தல்மூத். இயேசு அதையே உடன்பாடாகச் சொன்னார்: பிறர் நமக்குச் செய்ய வேண்டும் என்று எதை விரும்புகிறோமோ அதை நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவரின் இறைநம்பிக்கை நிறைவு பெறாது என்பது நபிகள் நாயகத்தின் போதனை.

இவற்றை வரிசையாக அடுக்கி, எல்லா மதங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று முடிப்பது மேடைப் பேச்சின் வழக்கம். அது பொய்யில்லை, பாதி உண்மை. அன்பு வேண்டும் என்பதில் மதங்களுக்குள் சண்டை இருந்ததே இல்லை. அந்த அன்புக்கு உரிய 'பிறர்' யார், அவருக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பதில்தான் ஒவ்வொரு மதமும் தனக்குள்ளேயே நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறது. போதனையைவிட அந்த வாதங்களிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம்.

எபிரேய வேதத்தின் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. அயலானைத் தன்னைப்போல் நேசிக்க வேண்டும் என்ற கட்டளை அங்கே சொந்த இனத்தாரைப் பற்றிய பேச்சின் நடுவில் வருகிறது. சில வசனங்கள் தள்ளி, அந்நியனையும் அப்படியே நேசிக்கவேண்டும் என்று இன்னொரு கட்டளை. அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது: இஸ்ரவேலரும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்களே. பட்ட துன்பத்தின் நினைவை அன்புக்கு அடிப்படையாக வைத்த சட்டம் அது. அதே அதிகாரம், அறுவடையின்போது வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடும்படியும் விதிக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரபி அக்கிபா, அயலானை நேசிக்கும் கட்டளையே தோராவின் தலையாய கோட்பாடு என்றார். அவர் காலத்தவரான பென் அசாய் ஒப்பவில்லை. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்று சொல்லும் ஆதியாகம வசனமே அதைவிடப் பெரியது என்பது அவர் கட்சி. தன்னையே அளவுகோலாக வைத்தால், அவமானப்பட்டுப் பழகியவன் பிறரையும் அவமானப்படுத்தலாம் என்று எண்ணிவிடக்கூடும் அல்லவா? மனித மதிப்பு ஒருவனின் மனநிலையைச் சார்ந்து நிற்கக் கூடாது என்பதே அந்த மறுப்பின் சாரம். இந்த வழக்கில் பென் அசாய் பக்கமே வலு அதிகம்.

இதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, அயலான் யார் என்று நியாயசாஸ்திரி ஒருவர் இயேசுவிடம் நேராகவே கேட்டதை லூக்கா நற்செய்தி சொல்கிறது. விடையாக வந்ததுதான் நல்ல சமாரியன் கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியர் ஒருவரும் லேவியர் ஒருவரும் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். சமாரியன் ஒருவன் காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுத்தான். கதை தெரிந்த அளவுக்கு அதன் காரம் இன்று தெரிவதில்லை. யூதரும் சமாரியரும் ஒரே வேதத்தின் வழிவந்தவர்கள். கடவுளை எருசலேமில் வழிபடுவதா கெரிசீம் மலையில் வழிபடுவதா என்பதில் பிரிந்து, ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். கேட்டவர் எல்லைக்கோடு எங்கே என்று கேட்டார். இயேசு கதையை முடித்துவிட்டு, அடிபட்டவனுக்கு அயலானாக நடந்துகொண்டவர் யார் என்று கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

இஸ்லாத்தில் அண்டைவீட்டார் உரிமை தனிப் பாடமாகவே இருக்கிறது. நெருங்கிய அண்டைவீட்டாரோடு அந்நியரான அண்டைவீட்டாரையும் சேர்த்தே குர்ஆன் குறிப்பிடுகிறது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் வீட்டில் ஒருமுறை ஆடு அறுத்தார்கள். யூதரான அண்டைவீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்று அவர் கேட்டார். அண்டைவீட்டாரைப் பற்றி வானவர் ஜிப்ரீல் ஓயாமல் வலியுறுத்தியதால், சொத்திலும் அவருக்குப் பங்கு தரச் சொல்வாரோ என்று நபிகள் எண்ணியதை அதற்குக் காரணமாகச் சொன்னார். ஆனால் ஜகாத் என்னும் கடமையான கொடைக்கு வேறு கணக்கு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையில் நின்ற செல்வத்தில் 2.5 விழுக்காடு கொடுக்க வேண்டும். பெறத் தக்கவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் வகுக்கிறது. ஏழைகள், கடனாளிகள், வழிப்போக்கர், விடுதலை வேண்டும் அடிமைகள் ஆகியோர் அதில் அடக்கம். ஜகாத் முஸ்லிம்களுக்கு உரியது என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. விரும்பிக் கொடுக்கும் ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை, யாருக்கும் கொடுக்கலாம்.

எல்லோரையும் ஒரே அளவில் நேசிக்க முடியுமா, நேசிக்கத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இதைச் சீனர்கள்போல் வெளிப்படையாக மோதிப் பார்த்தவர்கள் குறைவு. கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் மோசி, பிறர் குடும்பத்தைத் தன் குடும்பம்போலவும் பிறர் நாட்டைத் தன் நாடுபோலவும் பாவிக்க வேண்டும் என்றார். பாரபட்சம்தான் போருக்கும் கொள்ளைக்கும் வேர் என்பது அவர் முடிவு. அவரும் அவர் சீடர்களும் படையெடுப்புக்கு ஆளான சிறு நகரங்களின் காவலுக்கு உதவப் போனார்கள். கன்பூசியஸ் வழிவந்த மென்சியஸ் இதைக் கடுமையாகத் தாக்கினார். பெற்ற தகப்பனையும் யாரோ ஒருவரையும் ஒரே நிலையில் வைப்பது தகப்பனையே மறுப்பதாகும் என்றார். மென்சியஸ் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடக் கூடாது. கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு பதறும், புகழுக்காகவோ பெற்றோரின் நன்றிக்காகவோ பதறுவதில்லை என்று எடுத்துக்காட்டியவரும் அவரே. அன்பு வீட்டில் முளைத்து வெளியே பரவ வேண்டும் என்பது அவர் வழி.

திருக்குறளின் அமைப்பும் இதே சிக்கலைத் தன் போக்கில் தீர்க்கிறது. அன்புடைமை இல்லறவியலில், 8ஆம் அதிகாரம். அருளுடைமை துறவறவியலில், 25ஆம் அதிகாரம். தொடர்புடையவர்மேல் பிறப்பது முதலாவது, தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது இரண்டாவது என்று உரையாசிரியர் பரிமேலழகர் பிரிக்கிறார். முன்னது பின்னதைப் பெற்றெடுக்கிறது என்பது குறளின் கருத்து. மோசி கேட்ட இடத்துக்கு மென்சியஸின் வழியாகப் போய்ச் சேர்வது என்று இதைச் சொல்லலாம்.

எப்படிப் போய்ச் சேர்வது? நேசி என்று கட்டளையிட்டால் மனம் கேட்டுவிடுமா? இங்கேதான் பௌத்தம் மற்றவற்றைவிட ஓர் அடி முன்னே நிற்கிறது. அது பயிற்சிமுறையையே எழுதிவைத்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய 'விசுத்திமக்கம்' அதற்கான கையேடு. புத்தகோசர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்ததை அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவுரை குறிப்பிடுகிறது. நலமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் தன்மேலேயே செலுத்த வேண்டும் என்கிறார் அவர். பிறகு மதிப்புக்குரியவர், நெருங்கிய நண்பர், வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத யாரோ ஒருவர், கடைசியாகப் பகைவர். பயிற்சியைப் பகைவனில் தொடங்கினால் கோபம்தான் வளரும். இறந்தவரை நினைத்தும் செய்யக் கூடாது, மனம் நிலைக்காது என்று எச்சரிக்கிறார். பகைவனிடம் வந்து நின்றதும் கோபம் திரும்புமானால் அதற்கும் பல மருந்துகள் உண்டு: அவனிடம் உள்ள ஒரு நல்ல குணத்தைத் தேடலாம், ஒன்றுமே தென்படாவிட்டால் அவன்மேல் இரக்கப்படலாம், எதுவும் பலிக்கவில்லை என்றால் அவனுக்கு ஏதாவது பரிசு கொடுக்கலாம். பற்றும் ஆசையும் அன்பின் வேடத்தில் வரும் என்பதால், வெறுப்பைவிட அவற்றிடம் விழிப்பாக இருக்கச் சொல்கிறார்.

தனக்கும் பிறருக்கும் இடையிலான எல்லை உடைந்து பயிற்சி முடிந்ததா என்று அறிய அவர் வைக்கும் சோதனை திடுக்கிட வைப்பது. பிக்கு, அவருடைய நண்பர், யாரோ ஒருவர், பகைவர் என நால்வர் ஓரிடத்தில் இருக்கிறார்கள். கள்வர் வந்து, பலி கொடுக்க ஒருவரைத் தரும்படி கேட்கிறார்கள். பகைவரைக் கொண்டுபோகட்டும் என்று பிக்கு நினைத்தால் எல்லை உடையவில்லை. என்னைக் கொண்டுபோகட்டும், இவர்களை விட்டுவிடட்டும் என்று நினைத்தாலும் உடையவில்லை. நால்வரில் ஒருவரையும் கொடுக்க மனம் வராதபோதுதான் எல்லை உடைந்தது. தியாகத்தை உச்சமாகப் போற்றும் மரபுகளில் வளர்ந்தவர்களுக்கு இது ஏற்கக் கடினமாக இருக்கலாம். தன்னை மட்டும் கழித்துப் போடும் கணக்கும் பாரபட்சம்தான் என்கிறார் புத்தகோசர்.

மனத்தைப் பழக்குவது ஒரு வழி என்றால், மனம் கனியும்வரை காத்திராமல் செயலை விதியாக்குவது இன்னொரு வழி. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. கடனோ, கூட்டுத் தொழிலோ, வேலையோ தந்து ஒருவரைக் கையேந்தாத நிலைக்குக் கொண்டுவருவதுதான் முதல் படி. சீக்கியரின் லங்கரில் உணவைவிட உட்காரும் வரிசை முக்கியம். குரு நானக் தொடங்கிய அந்தப் பொதுச் சமையலறையில், தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் எல்லோரோடும் அமர்ந்து உண்ண வேண்டும் என்று மூன்றாம் குருவான அமர்தாஸ் விதித்தார். சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்ட நாட்டில் அது சாதாரண விதியாக இருந்திருக்க முடியாது. பத்தாம் குரு கோவிந்த் சிங் காலத்தில், ஆனந்தபூர்ப் போரில் காயம்பட்ட எதிரிகளுக்கும் தண்ணீர் கொடுத்ததாகச் சீக்கியத் தொண்டர் பாய் கன்னையாமேல் வீரர்கள் புகார் செய்தார்கள். நண்பனென்றும் பகைவனென்றும் தமக்குத் தெரியவில்லை, எல்லா முகத்திலும் குருவையே கண்டேன் என்றார் கன்னையா. குரு அவரைக் கண்டிக்கவில்லை. காயத்துக்குப் போட மருந்தும் கொடுத்தனுப்பினார் என்பது சீக்கிய மரபு.

வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. சாதியோ சமயமோ பார்க்காமல், பசி ஒன்றையே தகுதியாக வைத்த இடம் அது. எல்லை என்ற கேள்வி அவரையும் விட்டுவைக்கவில்லை. கொலையும் புலாலும் தவிர்த்தவரை அகவினத்தார் என்றும் மற்றவரைப் புறவினத்தார் என்றும் அவர் பிரித்தார். ஆனால் புறவினத்தாருக்கும் பசி தீர்ப்பதை விலக்கவில்லை. கோடு இருந்தது, சோற்றுப் பானை அதைத் தாண்டியது.

போதனை இருந்தும் கோட்டைத் தாண்டாத வரலாறும் நீளமானது. 1688இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஜெர்மன்டவுன் என்ற ஊரைச் சேர்ந்த குவேக்கர் கிறிஸ்தவர்கள் நால்வர் அடிமை முறைக்கு எதிராக ஒரு மனு எழுதினார்கள். பிறர் நமக்குச் செய்ய வேண்டும் என்று விரும்புவதையே நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்றால் மனிதரை எப்படி விற்க முடியும் என்பதே அவர்கள் வாதம். சபையின் மேல்மட்டக் கூட்டங்களுக்கு மனு போனது. விஷயம் கனமானது என்று சொல்லி யாரும் முடிவெடுக்கவில்லை. மனுவும் மறக்கப்பட்டது, 1844இல்தான் மீண்டும் கிடைத்தது. உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று பிலடெல்பியா குவேக்கர் சபை 1776இல் விதித்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு நெறியை ஒரு சபைக்குள் நடைமுறையாக்க 88 ஆண்டுகள்! மறுத்தவர்கள் அந்த நெறியை நம்பாதவர்கள் அல்லர். 'பிறர்' பட்டியலில் அடிமைகளைச் சேர்க்காதவர்கள்.

மதங்கள் தங்களுக்குள் இதைப் பேசியதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகளும் உண்டு. 1993இல் சிகாகோவில் கூடிய உலக சமயப் பாராளுமன்றம், இறையியலாளர் ஹான்ஸ் க்யூங் வரைந்த உலகளாவிய அறநெறிப் பிரகடனத்தை வெளியிட்டது. அதன் நடுநாயகம் இந்தப் பழைய நெறிதான். 2007 அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடல், இறையன்பும் அயலாரன்பும் இரு மதத்துக்கும் பொதுவான தளம் என்றது. அதைத் தொடர்ந்து ஜோர்டான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்வைத்த யோசனையை ஐ.நா. பொதுச்சபை 2010இல் ஏற்றது. 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியின் முதல் வாரம் உலக சமய நல்லிணக்க வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.