நாய்க்குட்டி விற்க எட்டு வாரம் பொறுங்கள்

வேங்கிக்கால் ஏரிக்கு அருகே கொல்லை வைத்திருக்கும் விவசாயி ஒருவரின் வீட்டில், சென்ற மார்கழியில் பெட்டை நாய் எட்டுக் குட்டிகள் போட்டது. இருபத்தெட்டாம் நாளிலேயே ஐந்து குட்டிகளைக் கொடுத்துவிட்டார். ஐந்தும் ஆண். "எட்டும் பாலை உறிஞ்சி நாய் எலும்பாப் போச்சுங்க. கேட்கிறவங்களும் விடமாட்டேங்கறாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆட்சியர் அலுவலகம் வந்த பிறகு வேங்கிக்காலில் கழனிகள் மனைகளாகி வருகின்றன. புது வீடு கட்டியவர்கள் காவலுக்கு முதலில் தேடுவது ஒரு நாய்க்குட்டியைத்தான்.

கொடுத்த ஐந்தில் இரண்டு, பத்து நாளுக்குள் இரத்தக் கழிச்சலில் செத்தன. மூன்றாவது குட்டி, வாங்கிப் போனவர் வீட்டுக் குழந்தையைக் கடித்து, குழந்தைக்கு ஊசி போட நேர்ந்தது. வீட்டில் மிஞ்சியவை மூன்று பெட்டைக் குட்டிகள். அவற்றைக் கேட்பாரில்லை. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் விட்டுவிட்டால் யாராவது சோறு போடுவார்கள் என்று சாக்கைக் கையில் எடுத்தவரைத் தடுத்தவர் அவருடைய தாயார். "மடியில பால் வத்தலை, அதுக்குள்ள பிரிக்கிறியேடா" என்று அந்த அம்மாள் சாக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

மாடு, ஆடு, கோழி பற்றி எழுதுகிற அளவுக்கு நாயைப் பற்றி நாம் எழுதுவதில்லை. பட்டியில் ஆடு வைத்திருப்பவருக்கும், மணிலாக் கொல்லையில் இரவில் பன்றி விரட்டுபவருக்கும் நாய் இல்லாமல் ஒரு நாளும் நகராது. நம் மாவட்டத்தில் இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட வீரனுக்கு எடுத்த கல். அவனோடு ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கிரிவலப் பாதையில் உள்ள ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதியே உண்டு. அதே பாதையில்தான் சாக்கு மூட்டையிலும் குட்டிகள் வந்து இறங்குகின்றன.

நாயை இணை சேர்க்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஓர் ஈத்தில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் வரை எதிர்பார்க்கலாம். அதில் ஏறக்குறையப் பாதி பெட்டையாக இருக்கும். ஆகவே ஆண் குட்டி கேட்பவர்களை எண்ண வேண்டாம். அவர்கள் எப்போதும் கிடைப்பார்கள். பெட்டைக் குட்டியை வாங்கிக்கொள்வதாக நாலு பேர் உறுதியாகச் சொன்னால் மட்டுமே இணை சேர்க்கலாம். சொல்பவர் இல்லையென்றால் கருத்தடை அறுவை செய்துவிடுவதே உத்தமம். அறுவை செய்த நாய் சோம்பிப் போகும், காவல் காக்காது என்பது தவறான எண்ணம். ஆண்டுக்கு இருமுறை ஊர்நாய்கள் வாசலில் கூடிச் சண்டையிடுவது நிற்கும். வயதான பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்தும் இருக்காது. தீனியை மட்டும் சற்றுக் குறைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு போடும்.

இணை சேர்ப்பது என்று முடிவு செய்தால், முதல் பருவத்தில் சேர்க்கக் கூடாது. ஒன்றரை வயது முடிந்திருக்க வேண்டும். பெட்டை நாய் பொதுவாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பருவம் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். முதல் ஒன்பது, பத்து நாள் இரத்தம் கசியும். அப்போது ஆணை அண்டவிடாது. பிறகு கசிவு வெளுத்து, வாலை ஒதுக்கி நிற்கும். அதுவே இணை சேர்க்கும் தருணம். இரத்தம் நின்றுவிட்டது, பருவம் முடிந்தது என்று நினைத்து அன்றைக்குத்தான் பலர் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். வேண்டாத சினை பெரும்பாலும் இப்படித்தான் ஏற்படுகிறது. மூன்று வாரமும் நாயைக் கதவுள்ள இடத்தில் அடைத்து வைக்க வேண்டும். சங்கிலியில் கட்டினால் மட்டும் போதாது. கட்டியிருக்கும் பெட்டையிடம் ஆண் நாய் தானே வந்து சேரும்.

இணை சேர்ந்த நாய்கள் கால் மணி முதல் அரை மணி வரை பிணைந்தே நிற்பது இயற்கை. அந்த நேரம் பார்த்துக் கல்லெறிவதும் தண்ணீர் ஊற்றுவதும் பிள்ளைகளுக்கு விளையாட்டு. பெரியவர்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இழுபட்டால் இரண்டு நாய்களுக்குமே உள்ளே காயம் ஏற்படும். தானாகப் பிரியும் வரை விட்டுவிட வேண்டும்.

ஆண் நாயைத் தேர்ந்தெடுக்கும்போது உடன்பிறந்தது, தகப்பன் என்று ஒரே இரத்தத்தில் சேர்க்க வேண்டாம். பிறப்புறுப்பில் காலிபிளவர் பூப்போல் கட்டி இருக்கிறதா, இரத்தம் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இணை சேரும்போது ஒட்டிக்கொள்ளும் புற்றுக்கட்டி இது. தெருநாய்களிடம் அதிகம் காணப்படுகிறது. கால்நடை டாக்டர் வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகும். குணமாகும் வரை அந்த நாயை இணைக்கு விடக் கூடாது.

பெட்டைக்கு வேண்டிய தடுப்பூசிகளையும் குடற்புழு மருந்தையும் இணை சேர்ப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஊசி போட்ட தாயின் சீம்பால் வழியாகத்தான் குட்டிகளுக்கு முதல் சில வாரங்களுக்கான நோய் எதிர்ப்புச் சக்தி போய்ச் சேருகிறது. வேங்கிக்கால் நண்பர் தம் நாய்க்கு ஓர் ஊசியும் போட்டதில்லை. குட்டிகள் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சினைக் காலம் சுமார் 63 நாள். கடைசி மூன்று வாரத்தில் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். குட்டி போட்டு மூன்றாவது, நான்காவது வாரத்தில் தாய்க்கு வழக்கத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு தீனி தேவைப்படும். நாய் எலும்பாகிவிட்டது என்றால் குட்டிகள் மீது பழி போட வேண்டியதில்லை. தட்டைப் பார்க்க வேண்டும். ஒரு வேளை சோறும் மோரும் எட்டுக் குட்டிக்குப் பாலாக மாறாது. முட்டை, கருவாடு, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரல், கால் ஆகியவற்றை வேகவைத்துச் சேர்க்கலாம்.

குட்டி போடுவதற்கு முந்திய நாள் உடல் சூடு 99 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் கீழே இறங்கும். நாய் தரையைப் பிறாண்டும், தீனி எடுக்காது. முக்க ஆரம்பித்து அரை மணிக்கு மேலாகியும் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். நாமே கையை விட்டு இழுப்பது தாயையும் சேர்த்துக் கொல்லும்.

பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரத்தில் அது படுக்கும் இடத்தில் 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் சூடு இருக்க வேண்டும். நம் ஊர் மார்கழிக் குளிரில் பம்ப்செட் கொட்டகையின் சிமெண்ட் தரையில் போட்டால் விடிவதற்குள் இரண்டு போய்விடும். மரப்பெட்டியில் வைக்கோலும் பழைய சேலையும் விரித்து, ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடலாம். கோழிக்குஞ்சுக் கூண்டில் பார்க்கும் அதே அடையாளம்தான் இங்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கத்தினால் குளிர். விலகி விலகிப் படுத்து இளைத்தால் சூடு அதிகம்.

பெரிய ஈத்தாக இருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் தாய்க்கு உடல் நடுங்கி, கால் விறைத்து, மூச்சு வாங்கலாம். கறவை மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலைப் போலவே இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதால் வருவது. அன்றைக்கே டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் பிழைக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிழைக்காது.

தாய் செத்துப்போன குட்டிகளுக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கிறார்கள். இது தலைகீழ். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டு. தண்ணீர் கலந்த பாலில் வயிறு நிறையும், குட்டி வளராது. நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு கிடைத்தால் அதுவே மேல்.

குடற்புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்கு வந்துவிடுகிறது. வயிறு பானைபோல் உப்பிய குட்டியைக் கொழுகொழுவென்று இருப்பதாகச் சொல்லி விற்கிறார்கள்; உள்ளே இருப்பது புழு. இரண்டாம் வாரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டாக்டர் சொல்லும் அளவில் எடைக்குத் தக்க மருந்து கொடுக்க வேண்டும். நாலாவது வாரத்திலிருந்து கேழ்வரகுக் கூழில் முட்டையை வேகவைத்து மசித்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாம்.

இனி, எட்டு வாரம் ஏன்? குட்டிகள் ஒன்றோடொன்று புரண்டு கடித்து விளையாடும்போது, அதிகமாகக் கடித்தால் கூடப்பிறந்தது கத்திக்கொண்டு விலகிவிடுகிறது, தாய் உறுமுகிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற பாடம் இப்படித்தான் படிகிறது. நாலு வாரத்தில் பிரித்த குட்டிக்கு அந்தப் பாடமே கிடையாது. பிறகு அது வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியும் போட்டுவிடலாம். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் 1978-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவத் தொடங்கியது. அது மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஒரு குட்டி இந்த நோயில் செத்த வீட்டுக்குச் சிறிது நாளில் இன்னொரு குட்டியைக் கொண்டுபோவது அதையும் பலி கொடுப்பதுதான். இப்போதைய சட்டமும் இதையே சொல்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பெட்டையை ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேலும், எட்டு வயதுக்கு மேலும் ஈன வைக்கக் கூடாது. இனநாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ராஜபாளையம் நாய் மீது மோகம் அதிகம். 2005-இல் தபால்தலையிலும் இடம்பெற்ற இனம் அது. பால்போல் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம் என்று கேட்டு வாங்குகிறார்கள். இந்த நிறத்தையே குறிவைத்து நெருங்கிய இரத்தத்தில் சேர்த்ததன் விளைவாகச் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் காது கேட்காது. ஐந்தாவது வாரத்தில் நீங்களே சோதிக்கலாம். குட்டியைத் தனியே எடுத்துவந்து, அது பார்க்காத பக்கத்தில் நின்று தட்டைத் தட்டுங்கள். மற்றக் குட்டிகளோடு விட்டுச் சோதித்தால் தெரியாது. செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். செவிடு என்று தெரிந்தும் காவலுக்கு விற்பது மோசடி. அந்தக் குட்டியை இனவிருத்திக்கும் விடக் கூடாது. சிப்பிப்பாறை நாயை முயல் வேட்டைக்கென்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காற்றாய் ஓடப் பிறந்த அந்த நாயை நாள் முழுதும் மூன்று முழச் சங்கிலியில் கட்டிப்போடுவதை என்னவென்று சொல்வது?

சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்திய நாய் இனப்பெருக்க நிலையத்தில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறைக் குட்டிகள் கிடைத்து வந்தன. உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2016-இல் அது மூடப்பட்டது. ஆகையால் இன்று வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்க வேண்டாம். சாலையோரக் கூடையில் தூங்கி வழியும் குட்டி சாதுவாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அது நோயாகவும் இருக்கலாம். விற்பவரும் புழு மருந்து, ஊசி போட்ட தேதிகளை ஒரு சீட்டில் எழுதி, குட்டி பழகிய தீனியையும் சொல்லிக் கொடுத்தனுப்ப வேண்டும்.

வெறிநோய் ஊசியை மூன்று மாதத்தில் போட்டு, டாக்டர் சொல்லும் நாளில் திரும்பவும், பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். பாஸ்டர் 1885-இல் முதன்முதல் மனிதருக்கு இந்த ஊசி போட்டதன் நினைவாக ஜூலை 6-ஆம் தேதியையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பது வழக்கம். சின்னக் குட்டிதானே கடித்தது என்று யாரும் இருந்துவிடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சாக்கிலிருந்து தப்பிய மூன்று பெட்டைக் குட்டிகளும் எட்டு வாரம் முடியும் வரை வேங்கிக்காலிலேயே இருந்தன. ஒன்றை ஆடையூரில் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர் வாங்கிப் போனார். பட்டியை விட்டு நகராமல் கிடக்கிறதாம். இன்னொன்று பெட்டை என்று தயங்கிய ஒரு வாத்தியார் வீட்டுக்கு, ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிடலாம் என்று எடுத்துச் சொன்ன பிறகு போனது. மூன்றாவதைத் தர அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. பால் வற்றியதும் தாய் நாய்க்கு அறுவை செய்தாயிற்று. நண்பர் இப்போது மகளின் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மூன்றாவது குட்டிக்கு ஊசி போடும் தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறார்.