வால்வு இடைவெளியும் எஞ்சினின் ஆயுளும்

கொல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு வரை அம்பாஸிடர் கார்களைத் தயாரித்து வந்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி அமைந்த இவ்வண்டியில் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் நெடுங்காலம் பொருத்தப்பெற்றது. பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் இவ்வெஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது மிகுந்த கவனத்துடன் செய்ய வேண்டிய பணி வால்வு இடைவெளியை அமைப்பதாகும்.

கிராங்குத் தண்டு இருமுறை சுழல்கையில் கேம் தண்டு ஒருமுறை சுழலும். கேமின் மேடு டாப்பெட்டை உயர்த்த, தள்ளுதண்டு ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ளுகிறது. மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. கிராங்குத் தண்டு நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

சூட்டினால் வால்வின் தண்டு நீள்கிறது. அதற்கு இடந்தரவே ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே சுமார் 0.015 அங்குல இடைவெளி விடப்படுகிறது. இது மிகுந்தால் ‘டக் டக்’ என்ற ஓசை எழும். குறைந்தால் ஓசை இராது. ஆனால் தீங்கு பெரிது. புகையை வெளியேற்றும் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைத் தன் இருக்கையின் வழியாகவே இழக்கிறது. அதன்மீது முற்றும் அமராத வால்வின் விளிம்பு விரைவில் கருகிப்போகும். ஆதலின் ஓசையை அடக்கும் பொருட்டு இடைவெளியைக் குறைத்தல் தகாது.

வால்வை இருக்கையில் வைத்துத் தேய்த்தபின் அது சற்றே அமிழ்வதால் தண்டின் நுனி உயர்ந்து, இடைவெளி குறைகிறது. தேய்ந்த ராக்கர் முனையிலோ பள்ளம் விழுந்திருக்கும். ஃபீலர் கேஜின் தகடு பள்ளத்தின்மேல் பாலம்போல் நிற்பதால், உண்மை இடைவெளி அது காட்டுவதினும் மிகுதி. அடிமுகம் குழிந்த டாப்பெட்டைப் புதிய கேம் தண்டுடன் சேர்க்கலாகாது. தள்ளுதண்டைக் கண்ணாடிமீது உருட்டினால் வளைவு புலப்படும்.

உருளைத் தலையின் நட்டுகளை முறைப்படி இறுக்கிய பின்னரே இடைவெளியை அமைக்க வேண்டும். இதற்கு ‘ஒன்பது விதி’ எளிய வழி. முன்னிருந்து பின்னாக வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுக. 8ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் 1ஆம் வால்வையும், 6ஆவது திறந்திருக்கையில் 3ஆவதையும் அளக்கலாம். இவ்வாறு ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகையும் ஒன்பதாகும். திறந்திருக்கும் வால்வின் கேம் மேட்டுக்கு நேரெதிர்த் திசையில் இணை வால்வின் கேம் மேடு நிற்பதே காரணம். எனவே இணை வால்வு முழுதும் மூடியிருக்கும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பாகங்கள் படிந்து இடைவெளி மாறக்கூடும். அப்போது மீண்டும் அளந்து சரிசெய்தல் இன்றியமையாதது.