அயல்நாட்டில் வாடகைக் கார்: கையொப்பத்திற்கு முன் சில கேள்விகள்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் நமக்குச் சொல்லிச் சென்ற அறிவுரை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது இவ்வறிவுரையைத் தவறாது பின்பற்றும் நாம், பெருந்தொகை கைமாறும் இடங்களில் அதனை மறந்துவிடுகிறோம். எதிரே அமர்ந்திருப்பவர் நீட்டும் தாளில், அவர் விரல் வைத்துக் காட்டும் இடங்களிலெல்லாம், ஒரு வரியும் படியாமல் கையொப்பமிட்டுவிடுகிறோம். அதிலும் அந்நிய நாட்டில், நெடிய விமானப் பயணத்தின் களைப்போடு, நமக்குப் பின்னே வரிசை நீண்டு நிற்கையில், படித்துப் பார்க்கும் துணிவு யாருக்கு வரும்?

இன்று நம் குடும்பங்களுள் பல, பிள்ளைகளின் உழைப்பாலும் பெற்றோரின் சேமிப்பாலும் வெளிநாடுகளுக்குச் சென்று வருகின்றன. உரோமை நகரைக் காணச் செல்வோர் அத்துடன் அமையாது, அசிசிக்கும் புளோரன்சுக்கும் செல்ல விரும்புகின்றனர். மகனோ மருமகனோ கார் ஓட்டத் தெரிந்தவராயின், ‘ஒரு கார் எடுத்துக்கொண்டால் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் வசதியாயிருக்குமே’ என்ற எண்ணம் எழுவது இயல்பே. அவ்வாறு எண்ணுவோருக்கு உதவும் பொருட்டு, இத்தாலி நாட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, வாடகைக் காரின் கட்டணத்தையும் காப்பீட்டையும் பற்றிச் சில செய்திகளை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

விளம்பர விலையும் உண்மை விலையும்

ஆறு நாள்களுக்கு நாளொன்றுக்கு 35 யூரோ வீதம் 210 யூரோ என்று விளம்பரத்தில் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் நிற்கும்போது இரண்டாவது ஓட்டுநருக்கென நாளொன்றுக்கு 10 யூரோ கேட்கிறார்கள். குழந்தை இருக்கைக்கு 12 யூரோ. கூடுதல் பாதுகாப்புக்கு 25 யூரோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். 210 யூரோ என்றிருந்தது 492 யூரோ ஆகிவிடுகிறது! இவை விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட எண்களே. ஆயினும் உண்மை நிலையினின்று வெகு தொலைவில் இல்லை.

இவற்றுள் சில தவிர்க்க இயலாதவை. இத்தாலியில் 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள சிறுவர் சிறுமியர் அவரவருக்கேற்ற இருக்கையில் அமர்ந்தே பயணம் செய்ய வேண்டும் என்பது சட்டம். விமான நிலையத்திலோ இரயில் நிலையத்திலோ காரைப் பெற்றால் அதற்கெனத் தனிக் கட்டணம் உண்டு. 22 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. விளம்பர விலையில் அது சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் 25 வயதுக்குக் குறைந்தவராயின் கூடுதல் கட்டணம் கேட்பர். ஓர் ஊரில் எடுத்த காரை வேறோர் ஊரில் விடுவதற்கும் அவ்வாறே.

எரிபொருள் குறித்தும் ஒரு சொல். நிறைந்த தொட்டியோடு பெற்று, நிறைந்த தொட்டியோடே திருப்பித் தரும் முறையே நமக்கு நன்மையானது. முழுத் தொட்டிக்கும் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு, மீந்ததைக் கணக்கில் கொள்ளாத முறையும் உண்டு. அதனைத் தவிர்ப்பது நலம். இத்தாலியில் பெட்ரோலுக்கு ‘பென்சீனா’ என்றும், டீசலுக்கு ‘கசோலியோ’ என்றும் பெயர். அமெரிக்கர் பெட்ரோலை ‘கேசொலின்’ என்று அழைப்பதைக் கேட்டுப் பழகியவர்கள், கசோலியோவைப் பெட்ரோல் என்று மயங்குவது எளிது. தவறான எரிபொருளால் எஞ்சின் பழுதுற்றால், எந்தக் காப்பும் பொதுவாகக் கைகொடுப்பதில்லை.

காப்பீடு என்னும் பெயரில் இரண்டு வேறு பொருள்கள்

இனி நம் கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். ‘இன்ஷூரன்ஸ் உண்டா?’ என்று நம்மவர் கேட்பர். ‘உண்டு’ என்று விடை வரும். மனம் நிறைந்து கையொப்பமிடுவர். கேள்வியும் பிழையற்றது, விடையும் பொய்யற்றது. ஆயினும் இருவரும் வெவ்வேறு பொருளைக் குறித்தே பேசியிருக்கின்றனர்.

முதலாவது, பிறருக்கு நாம் விளைவிக்கும் சேதத்திற்கான காப்பீடு. இத்தாலியில் 1969ஆம் ஆண்டின் சட்டம் இதனை எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் கட்டாயமாக்கியது. வாடகைக் கட்டணத்திலேயே இது அடங்கும். நம் காரால் சாலையில் செல்வோருக்கோ, மற்றொரு வாகனத்திற்கோ, நம்முடன் பயணம் செய்வோரின் உடலுக்கோ ஊறு நேர்ந்தால் இக்காப்பீடு பொறுப்பேற்கும். ஆனால் விபத்துக்குக் காரணமான ஓட்டுநரின் சொந்தக் காயத்திற்கு இது உதவாது. அதன் பொருட்டே புறப்படுமுன் நல்லதொரு பயணக் காப்பீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகைக் கார் ஓட்டும்போது ஏற்படும் காயத்தின் மருத்துவச் செலவு அதில் அடங்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, வாடகைக் காருக்கே நேரும் சேதம் பற்றியது. ஆங்கிலத்தில் இதனைச் ‘சி.டி.டபிள்யூ.’ என்னும் மூன்றெழுத்தால் குறிப்பர். இதனைப் பலரும் காப்பீடு என்றே கருதுகின்றனர். உண்மையில் இது கார் நிறுவனம் நமக்குத் தரும் ஒரு விட்டுக்கொடுப்பு வாக்குறுதி. ‘காருக்குச் சேதம் நேர்ந்தால், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டதை உம்மிடம் கேட்கமாட்டோம்’ என்பதே அதன் சாரம். அந்தக் குறிப்பிட்ட தொகை வரையில் நாமே செலுத்த வேண்டும். ஆங்கிலத்தில் ‘எக்ஸஸ்’ என்றும், இத்தாலியில் ‘ஃபிராங்கீஜா’ என்றும் வழங்கும் இதனை நாம் பொறுப்புத் தொகை என்று சொல்லலாம். ஆயிரம் யூரோவும் அதற்கு மேலும் இத்தொகை இருப்பது வெகு சாதாரணம். 1,500 யூரோ எனில், யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று கொண்டாலும், ஒன்றரை இலட்சம் ரூபாய்! ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சேமிப்பு, நிறுத்துமிடத்துத் தூணில் உரசிய ஒரு நொடியில் கரைந்து போகலாம்.

ஆகவே ‘காப்பீடு உண்டா?’ என்னும் கேள்வியை விட்டுவிட்டு, ‘காருக்குச் சேதம் நேர்ந்தாலோ, கார் திருடு போனாலோ, என் கையிலிருந்து அதிகபட்சமாக எவ்வளவு போகும்?’ என்று கேளுங்கள். இவ்வொரு கேள்வியே பல மயக்கங்களைத் தீர்த்துவிடும்.

வாக்குறுதி பொய்த்துப்போகும் இடங்கள்

இந்த வாக்குறுதிக்கும் எல்லைகள் உண்டு. டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், மேற்கூரை, உட்புறம், தொலைந்த சாவி ஆகியவை பெரும்பாலும் இதில் அடங்குவதில்லை. பழுதுபார்க்கும் நாள்களில் கார் ஓடாமல் நின்றதற்கான இழப்பையும், கோப்புகளைக் கையாண்டதற்கான கட்டணத்தையும் தனியே கேட்கும் நிறுவனங்களும் உண்டு.

ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்படாத ஒருவர் ஓட்டினாலோ, மது அருந்தி ஓட்டினாலோ, தடை செய்யப்பட்ட பாதையில் சென்றாலோ வாக்குறுதி முழுவதும் இரத்தாகிவிடும். சேதம் முழுவதும் நம் தலையில் விழும். ‘பத்து யூரோ மிச்சமாகுமே’ என்று தம்பியின் பெயரைச் சேர்க்காமல் விட்டு, பிறகு அவர் கையில் காரைக் கொடுப்பது எத்துணைப் பெரிய இடர் என்பதை இதனால் உணரலாம். திருட்டு நேர்ந்தால் காவல் நிலையத்தில் உடனே முறையிட்டு, அதன் நகலோடு சாவியையும் நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். சாவியைக் காரிலேயே விட்டுச் சென்றவருக்குத் திருட்டுப் பாதுகாப்பு பயன்படாது.

பொறுப்புத் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ இரு வழிகள் உள்ளன. கவுண்டரிலேயே நாள் கணக்கில் பணம் கட்டி அதனை நீக்கிக்கொள்வது ஒன்று. செலவு கூடுதல், ஆயினும் சேதம் நேர்ந்தால் அலைச்சல் குறைவு. மற்றொரு காப்பீட்டு நிறுவனத்திடமோ, காரை முன்பதிவு செய்து தரும் இடைநிலை நிறுவனத்திடமோ முன்னதாகவே தனிப்பாதுகாப்பு வாங்குவது இரண்டாவது வழி. இது மலிவானது. ஆனால் சேதம் நேர்ந்தால், நாம் முதலில் கார் நிறுவனத்திற்குப் பணத்தைச் செலுத்திவிட்டு, பின்னர் இரசீதுகளைக் காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். இத்தகைய பாதுகாப்பைக் கவுண்டரில் காட்டினால் ஏற்கமாட்டார்கள். வைப்புத் தொகையும் குறையாது. இதனை அறியாதவர்களே, ‘முழுப் பாதுகாப்பும் வாங்கிவிட்டோமே, மறுபடியும் ஏன் கேட்கிறீர்கள்?’ என்று கவுண்டரில் வாதிடுகின்றனர்.

வைப்புத் தொகையும் கிரெடிட் கார்டும்

காரைக் கொடுக்குமுன், பொறுப்புத் தொகைக்கு ஈடாக ஒரு தொகையை நம் கிரெடிட் கார்டில் முடக்கி வைப்பர். அது செலவாவதில்லை, ஆயினும் கார் திரும்பி, கணக்கு முடியும் வரை அத்தொகையை நாம் பயன்படுத்த இயலாது. கார்டு, ஒப்பந்தத்தில் முதன்மை ஓட்டுநராகப் பெயர் எழுதப்பட்டவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. தந்தையின் கார்டைக் காட்டி மகன் காரைப் பெற இயலாது. டெபிட் கார்டையும், பயணத்திற்கென முன்பணம் ஏற்றிய கார்டையும் பல நிறுவனங்கள் வைப்புத் தொகைக்கு ஏற்பதில்லை.

நம் நாட்டுக் கார்டுகளை வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை நாமே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டில் கொண்டுவந்த ஏற்பாடு. எனவே புறப்படுமுன்பே இதனைச் செய்துவிட வேண்டும். அங்கே ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா?’ என்று கேட்டால், யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாயில் மாற்றித் தருவது உதவி போலத் தோன்றினாலும், அந்த மாற்று விகிதம் பொதுவாக நமக்கு நட்டமே.

இவையன்றி, நம் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி அமைந்த இதனை, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறலாம். ஓராண்டுக்குமேல் இது செல்லாது. அசல் உரிமமும் கையில் இருந்தால்தான் இதற்கு மதிப்பு.

பல மாதங்களுக்குப் பின் வரும் கடிதம்

இத்தாலிக்கே உரிய ஒரு செய்தியை இங்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்நாட்டுப் பழைய நகரங்களின் மையப் பகுதிகளில், அனுமதி பெறாத வாகனங்கள் நுழையலாகாது. இப்பகுதிகளுக்கு ‘ஸோனா அ திராஃபிக்கோ லிமித்தாத்தோ’ என்று பெயர். உரோமை, புளோரன்ஸ், அசிசி ஆகிய மூன்றிலும் இவை உள்ளன. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் இட்ட பலகையே அடையாளம். ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எழுத்து ஒளிர்ந்தால், தடை அந்நேரத்தில் நடைமுறையில் உள்ளது என்று பொருள். அங்கே காவலர் எவரும் நிற்பதில்லை. காமிரா எண்ணைப் பதிவு செய்துகொள்கிறது.

நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பணிக்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு மனைவியோடும் மகனோடும் இத்தாலி சென்று வந்தார். மகிழ்ச்சியான பயணம். திரும்பிய சில வாரங்களில், மகனின் கிரெடிட் கார்டில் கார் நிறுவனம் இருமுறை பணம் எடுத்திருப்பது தெரிந்தது. அபராதம் என்றே எண்ணிச் சமாதானமடைந்தனர். ஏறத்தாழ எட்டு மாதங்களுக்குப் பிறகு, புளோரன்ஸ் நகரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அவையே அபராதங்கள்! முன்பு எடுக்கப்பட்டது, ஓட்டுநரின் பெயரையும் முகவரியையும் காவல்துறைக்குத் தெரிவித்ததற்கான நிறுவனத்தின் கட்டணம் மட்டுமே. ஒப்பந்தத்தின் ஒரு மூலையில் அது குறிக்கப்பட்டிருந்தது. தங்கிய விடுதிக்குச் செல்லும் வழியில், இரண்டு நாள்களிலும் தடைப் பகுதியைக் கடந்திருக்கின்றனர்.

வெளிநாட்டில் வசிப்போருக்கு இத்தகைய அறிவிப்பை அனுப்ப, 360 நாள்கள் வரை இத்தாலியச் சட்டம் அவகாசம் தருகிறது. கடிதம் கிடைத்த ஐந்து நாள்களுக்குள் செலுத்தினால் அபராதத்தில் 30 சதவீதம் குறையும். எந்தக் காப்பீடும் அபராதத்தை ஏற்பதில்லை. விடுதி தடைப் பகுதிக்குள் இருந்தால், காரின் எண்ணை முன்கூட்டியே விடுதியாரிடம் கொடுத்து, நகராட்சியில் பதிவு செய்ய இயலுமா என்று கேட்க வேண்டும். அசிசியில், நகர மதிலுக்கு வெளியேயுள்ள நிறுத்துமிடங்களில் காரை விட்டு நடந்து செல்வதே உத்தமம்.

பெறும்போதும் திருப்பும்போதும்

வாடிக்கையாளர்களின் முறையீடுகள் பெருகியதால், ஐரோப்பிய ஆணையமும் உறுப்பு நாடுகளின் நுகர்வோர் அமைப்புகளும் தலையிட்டன. கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்தே விலையைக் காட்டுதல், கூடுதல் பாதுகாப்பில் எவை அடங்கும், எவை அடங்கா என்று தெளிவாகச் சொல்லுதல் போன்ற திருத்தங்களை ஐந்து பெரிய நிறுவனங்கள் ஏற்றுச் செய்துள்ளன என்று 2017 ஜனவரியில் ஆணையம் அறிவித்தது. நல்ல முன்னேற்றமே. ஆயினும் படித்துப் பார்க்கும் கடமை நம்மைவிட்டு நீங்கவில்லை.

காரைப் பெற்றதும், நிறுத்துமிடத்தை விட்டு நகருமுன், நாற்புறமும், சக்கரங்களையும், கண்ணாடிகளையும், உட்புறத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சிறு கீறலாயினும் தாளில் எழுதச் சொல்லுங்கள். திருப்பித் தரும்போதும் அலுவலர் முன்னிலையில் பார்வையிடச் செய்து, எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். அலுவலகம் மூடியபின் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் அவர்கள் பார்க்கும் வரை கார் நம் பொறுப்பில்தான் இருக்கும். விபத்து நேர்ந்தால், 112 என்னும் எண்ணை அழைத்து உதவி பெறலாம். காரிலுள்ள விபத்துப் படிவத்தை இரு ஓட்டுநர்களும் நிரப்ப வேண்டும். புரியாத மொழியில் பிறர் எழுதியதற்குக் கீழே கையொப்பமிடலாகாது.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின், ‘நமக்குக் கார் தேவைதானா?’ என்று ஒருமுறை குடும்பமாக அமர்ந்து ஆராய்வதும் நன்று. உரோமையிலிருந்து புளோரன்சுக்கு விரைவு இரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. அசிசிக்கும் இரயில் உண்டு. நகரங்களை மட்டும் காண்போருக்கு இரயிலே போதும். சிற்றூர்களையும் மலைப்புறங்களையும் காண விழைவோருக்கும், நடக்க இயலாத முதியோரை உடன் அழைத்துச் செல்வோருக்கும் கார் பெரும் உதவியே.

அவ்வாறு எடுப்போர், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒப்பந்த விதிகளை வீட்டில் வைத்து நிதானமாகப் படித்துவிடுக. மொத்தம் எவ்வளவு, பொறுப்புத் தொகை எவ்வளவு, முடக்கப்படும் தொகை எவ்வளவு, எவை அடங்கா, யார் யார் ஓட்டலாம் என்னும் ஐந்துக்கும் விடையை ஒரு தாளில் எழுதி உடன் எடுத்துச் செல்லுங்கள். கவுண்டரில் சொல்லப்படுவது அத்தாளோடு பொருந்தாவிடில், வரிசை எவ்வளவு நீளமாயினும் நின்று கேளுங்கள். கேட்பதில் நாணமோ, மரியாதைக் குறைவோ இல்லை. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்திற்குக் கணக்குக் கேட்பது குடும்பத் தலைவரின் கடமை.