பச்சைப் புள்ளியை நம்பி எழுபத்தைந்து கிலோமீட்டர்

பாதம் மரத்துப்போகிறது என்று ஒரு தம்பி வந்தார். எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறார். ஆறு மாதத்தில் மூன்று ஜோடி ஷூ மாற்றியும் மரப்பு போகவில்லை. பால், தயிர் விட்டு நான்கு வருஷம். பி12 பார்த்தாயா என்றால், “ஸ்பைருலினா சாப்பிடுறேனே அண்ணா” என்கிறார். இதே பதிலை என்னிடம் சொல்லும் மூன்றாவது ஆள் இவர்.

ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போல வேஷம் போடும் பொருள். நம் உடம்புக்கு அது உதவாது.

பால்கூடச் சேர்க்காத வீகன் உணவில் நெடுந்தூரம் ஓட முடியுமா என்று இனியும் வாதாட வேண்டாம். அமெரிக்காவின் வீகன் ஓட்டக்காரர் ஸ்காட் ஜுரெக் 2015இல் சுமார் 3,500 கிலோமீட்டர் அப்பலாச்சியன் மலைப்பாதையை 46 நாள் சொச்சத்தில் ஓடிக் கடந்தார். அவரைக் காட்டிப் பால் விடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போவதில்லை.

லேபில் சீரம் பி12, சீரம் ஃபெரிட்டின் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லா ‘முழு உடல் பரிசோதனை’யிலும் இவை இருக்காது. ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே, ஃபெரிட்டின் காட்டும் இரும்புக் கையிருப்பு வற்றியிருக்கலாம். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாளும் காய்ச்சலின்போதும் ஃபெரிட்டின் பார்க்காதீர்கள். எண் பொய்யாக உயர்ந்து காட்டும். மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தம் கொடுங்கள். தொடங்கிவிட்டால் பி12 அளவு ஏறி, பழைய குறை மறைந்துவிடும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் சோகை சரியானதுபோல் தெரியும். பி12 குறையால் நரம்பு அது பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் ரத்தம், பிறகு டாக்டர், அதன்பின் மாத்திரை.

அடுத்த ஏமாற்றம் புரோட்டீன் டப்பாவில். தம்பியின் டப்பாவைத் திருப்பினேன். முன்பக்கம் பெரிதாக இலைப் படம், ஓரத்தில் பச்சைப் புள்ளி. பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘பால் திடப்பொருள்’. பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம், அதில் பாலும் சேர்த்தி. வீகனுக்குத் தனி விதிமுறை 2022இல் வந்தது; துளிருடன் கூடிய ‘வி’ எழுத்து முத்திரையை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகரித்தால்தான் போடலாம். முத்திரையையும் பதினான்கு இலக்க உரிம எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40 நமக்காகவே இருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் “இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு, பில் வாங்கி, பிரிக்காத டப்பாவை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். பொருள் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆன்லைனில் வாங்குகிறவர் யாரிடம் போய்ச் சொல்வது? கடைத்தெருவை மட்டுமே மனத்தில் வைத்துச் சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கியவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பில் நகல், பேட்ச் எண், டப்பாவின் நான்கு பக்கப் படம் மூன்றையும் இணைக்க வேண்டும். வாயால் சொன்ன புகார் அந்த அறை வாசலைத் தாண்டாது. புகார் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். “அப்புறம் வாங்க” என்பார்கள், நின்று வாங்குங்கள். பணத்தையும் இழப்பீட்டையும் கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்தைத் தாண்டாதவரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போட்டியில் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. டப்பாவில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தாலும் ஊக்கமருந்து விதிப்படி பொறுப்பு உங்களுடையது. “எனக்குத் தெரியாது” என்றால் விடமாட்டார்கள். அதனால் டப்பாவை முழுக்கத் தீர்த்துக் குப்பையில் போடாதீர்கள். அடியில் இரண்டு ஸ்பூன் பொடியை விட்டு, மூடி, பில்லை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அலமாரியில் வையுங்கள். தம்பியிடம் பில் கேட்டேன். டெலிவரி அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாராம்.