போர்வைக்குள் புகும் நாய்

கார்த்திகை பாதி கழிந்ததும் டில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே காட்சிதான். பெட்டியின் அடியிலிருந்து பஞ்சு அடைத்த ரஜாய்கள் வெளிவருகின்றன. மாடி வெயிலில் காய்கின்றன. இரவில் கட்டிலை நிறைத்துக்கொள்கின்றன. வீட்டில் நாய் இருக்குமாயின், அன்றிரவே அது ரஜாயின் ஓரத்தை மூக்கினால் நெம்பி, முன்காலால் இரண்டு முறை பறித்து, தலையை நுழைத்து உள்ளே சென்று, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துவிடும். வெளியே தெரிவது சிறு மேடு ஒன்றுதான்.

ஊரில் திண்ணையிலும் தெருமணலிலும் படுத்த நாய்களையே கண்டு வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றுகிறது. மூச்சு முட்டிவிடாதா என்ற அச்சமும் உடன் எழுகிறது. நாயைக் கட்டிலில் ஏற்றலாமா என்பது வேறு கேள்வி. அஃது அவரவர் வீட்டு வழக்கு. அதில் நாம் தலையிடப் போவதில்லை. அது ஏன் உள்ளே புகுகிறது, புகுந்த பின் அதற்குத் தீங்கு நேராமல் காப்பது எவ்வாறு என்னும் இரண்டை மட்டும் இங்கே ஆராய்வோம்.

நாயின் முன்னோர் சாம்பல்நிற ஓநாய்கள். பெண் ஓநாய் ஈனும் காலம் நெருங்கினால் நிலத்தில் வளை தோண்டும்; அல்லது பாறை இடுக்கையோ வேறொரு விலங்கு விட்டுப்போன குழியையோ தேடிக்கொள்ளும். குட்டிகளின் முதல் உலகம் அந்த இருட்டறைதான். நம் வீட்டு நாயின் குட்டியும் அவ்வாறே கண்ணும் செவியும் மூடிப் பிறக்கிறது. கண் திறக்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதுவரை தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. முதற் சில நாட்களில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் இயலாது. தாயின் வயிற்றோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் கிடந்தாலன்றி அது பிழைப்பதரிது. ஆகவே இருட்டு, நெருக்கம், கதகதப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இடமே பாதுகாப்பான இடம் என்பது கண் திறப்பதற்கு முன்பே அதன் உடலில் பதிந்துவிடுகிறது. சூடு இருக்கும் இடத்தை அறியவும் அதற்கு ஒரு கருவி உண்டு. நாயின் குளிர்ந்த மூக்கு நுனி, சற்றுத் தொலைவில் உள்ள பொருளிலிருந்து வரும் மெல்லிய வெப்பக் கதிரையும் உணரும் என்று சுவீடன், ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

இவ்வியல்பு எல்லா நாய்க்கும் ஓரளவில் இல்லை. ஜெர்மனியில் 'பாட்ஜர்' என்னும் வளைவாழ் விலங்கை வேட்டையாட வளர்க்கப்பட்ட டாஷ்ஹண்ட், குட்டைக் காலும் நீண்ட உடலுமாக வளைக்குள் புகுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதன் பெயருக்குப் பொருளே பாட்ஜர் நாய் என்பதுதான். டெரியர் என்னும் பெயரும் நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தலைமுறை தலைமுறையாக மண்ணுக்குள் புகப் பழக்கிய நாய், வளை கிடைக்காத அடுக்குமாடியில் ரஜாய்க்குள் புகுகிறது என்றால் அதில் வியப்பில்லை.

நம் நாட்டு நாய்களுக்கு வேறொரு காரணம் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைத் துரத்த வளர்ந்தவை. ஒட்டிய வயிறு, குட்டை மயிர், தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. அந்தச் சீமை வெயிலுக்கு இவ்வுடல் வரம். டில்லியின் தை மாதத்துக்கு அன்று. எங்கள் வீட்டுக் கறுப்பன் சிப்பிப்பாறைக் கலப்பு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எங்களுடன் ரயிலேறி வந்தவன். முதற் குளிர்காலத்திலேயே ரஜாயின் பயனை எங்களுக்கு முன்னால் அவன் அறிந்துகொண்டான். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் உண்டு, இமயமலை மந்தை நாயும் உண்டு. அவ்விரண்டையும் ஒரே வீட்டில் வளர்த்தால் முன்னது போர்வையைத் தேடும். அடர்மயிர் கொண்ட பின்னது குளிர்ந்த தரையைத் தேடும். நாய்க்குக் குளிருமா, குளிராதா என்று பொதுவாகக் கேட்பவர்க்கு இதுவே விடை.

சூடு ஒன்றே காரணம் எனின், தனியாக ஒரு கம்பளி விரித்துக் கொடுத்தால் நாய் அமைதியடைய வேண்டுமன்றோ? பல நாய்கள் அடைவதில்லை. அவற்றிற்கு வேண்டுவது நம் உடல் பட்ட போர்வை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் 12 நாய்களை மயக்க மருந்து இன்றி, மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் அசையாது படுக்கப் பழக்கினர். பின்னர் பழகிய மனிதர், பழகாத மனிதர், பழகிய நாய், பழகாத நாய், தன் சொந்த உடல் என ஐந்து வாசனைகளைக் காட்டினர். நல்லதை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்கே மிகுதியாக விழித்தது. 2015-இல் இந்த ஆய்வு அச்சேறியது. பாட்டி ஊருக்குப் போன மறுநாள் அவருடைய பழம்புடவையின்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும் நாயைக் கண்டவர்களுக்குக் கருவி சொன்ன செய்தி புதிதாயிராது.

இனி மூச்சைப் பற்றி. நலமாக உள்ள, வளர்ந்த நாய், தளர்வாகக் கிடக்கும் போர்வைக்குள் மூச்சுத் திணறி இறந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே புழுக்கம் மிகுந்தால் அது தானே வெளிவரும். நள்ளிரவில் நம் வயிற்றை மிதித்துக்கொண்டு வெளியேறி, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் உள்ளே புகும் நாயை நாம் அறிவோம். நாயின் இயல்பான உடற்சூடு பாரன்ஹீட்டில் 101 முதல் 102.5 பாகை, நம்மைவிடக் கூடுதல். நம்மைப் போல் உடல் முழுதும் வியர்க்க அதனால் இயலாது. இரைத்தே தணித்துக்கொள்ள வேண்டும். சூடேறிய அடைபட்ட காற்றில் இரைத்துப் பயனில்லை. எனவே முதன்மையானது ஒன்றே: விரும்பிய கணத்தில் அது வெளியே வர வழி இருக்க வேண்டும்.

அவ்வழியை அறியாமல் அடைப்பவர் பெரும்பாலும் நாமே. குளிர் புகாதிருக்க ரஜாயின் மூன்று பக்கத்தையும் மெத்தைக்கடியில் செருகிவிடுகிறோம். மேட்டைக் கவனியாமல் விருந்தினர் அதன்மேல் அமர்ந்துவிடுகிறார். காலையில் அவசரமாக ரஜாயைச் சுருட்டிப் பெட்டிக் கட்டிலுக்குள் திணித்து மூடுகிறோம். நாய் எங்கே என்று ஒருமுறை பெயர் சொல்லி அழைத்த பின்னரே இவற்றில் எதையும் செய்ய வேண்டும். சில நாய்களுக்கு வழி இருந்தும் வெளிவர வலு இராது. சிறு குட்டி, கால் தளர்ந்த கிழநாய், மருத்துவத்துக்குப் பின் மயக்கம் தெளியாத நாய் ஆகியவற்றுக்குக் கழுத்தளவே போர்த்துதல் நலம். ஒரு கைப்பேசி விளம்பரத்தின் புகழால் நம் நகரங்களில் பரவிய பக் என்னும் சப்பை மூக்கு நாய்க்கும் இவ்விதி பொருந்தும். அதன் மூச்சுவழியே குறுகியது. வெளிக்காற்றிலேயே குறட்டை விடும் பிராணி அது.

போர்வையைவிடப் பெரிய ஆபத்து அதன் அருகில் இருக்கிறது. இதனைச் சொல்லச் சிறிது கூச்சமாகவே உள்ளது. ஏனெனில் பிழை எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து இரவொன்றில், இவ்வூரார் அங்கீட்டி என்னும் கரிக் கணப்பை முன்னறையில் வைத்துக் குளிர் காய்ந்தோம். கரி அவிந்துவிட்டது என்று எண்ணி, கறுப்பனை அங்கேயே ரஜாய்க்குள் விட்டு, கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளறைக்குச் சென்று உறங்கினோம். விடியற்காலையில் அழைத்தபோது மேடு அசையவில்லை. போர்வையை நீக்கினோம். கண் பாதி திறந்திருந்தது. எழ முயன்று சரிந்தான். தூக்கிக்கொண்டு வெளிவாயிலுக்கு ஓடினோம். பனிக்காற்றில் அரைமணி கிடந்த பின்னரே தலையைத் தூக்கினான். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று பிராணவாயு கொடுத்த பின் பிழைத்தான். குற்றவாளி கார்பன் மோனாக்சைடு என்றார் அவர். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அன்று நாங்களும் முன்னறையிலேயே உறங்கியிருந்தால் இவ்விவரத்தை எழுதுவோர் வேறொருவராக இருந்திருப்பர். வடநாட்டில் குளிர்காலந்தோறும் மூடிய அறையில் கணப்பு வைத்து உறங்கிக் குடும்பங்களே மாண்ட செய்தியை நாளிதழில் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவர்கள்தாம் நாங்கள். அதன் பின் கணப்பு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

மின்கணப்பும் குற்றமற்றதன்று. நாய் இழுத்துச் செல்லும் ரஜாயின் நுனி செந்தணலான கம்பியில் பட்டால் பஞ்சு உடனே பற்றிக்கொள்ளும். சிறிது தொலைவில் வைத்து, உறங்குமுன் அணைத்துவிட வேண்டும். மின்போர்வையைக் கடிக்கும் பழக்கமுள்ள நாயிடம் விடவே கூடாது. கிழிந்த தையலிலிருந்து தொங்கும் நூலும் தீங்கே; விழுங்கிய நூல் குடலை வலித்துச் சுருக்கிவிடும்.

இன்னொன்றைப் பலர் நினைப்பதில்லை. கோடையில் ரஜாயைப் பெட்டியில் இடும்போது அந்துருண்டைகளைப் போட்டுவைக்கிறோம். நாப்தலீனால் ஆன அவ்வுருண்டை நாய்க்கு நஞ்சு. மடிப்பில் ஒன்று தங்கி, அதை நாய் விழுங்கினால் இரத்த அணுக்கள் அழியும். பெட்டியிலிருந்து எடுத்ததும் உதறி, உருண்டைகளை எண்ணிப் பொறுக்கி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிட்ட பிறகே விரிக்க வேண்டும். மணம் போகாத ரஜாயை நாயும் நாடாது. நமக்கும் தலை வலிக்கும்.

போர்வை நாடாத நாய் திடீரென்று உள்ளே ஒளிந்துகொண்டால் அதனைக் குளிர் என்று கொள்ளலாகாது. தீபாவளி வெடிக்கு அஞ்சியிருக்கலாம். அப்போது இழுத்து வெளியேற்றாமல் விட்டுவிடுவதே கருணை. அச்சத்துக்கு ஏதுவின்றி ஒளிந்து, உணவையும் மறுத்தால் நோயோ வலியோ இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டில் மிகுதி. காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுக. போர்வைக்குள் உறங்கும் நாயைக் குழந்தைகள் மேலிருந்து அமுக்கி எழுப்பவும் விடலாகாது. திடுக்கிட்டு விழிக்கும் நாய், கடித்த பின்னரே யாரென்று பார்க்கும்.

ஹோலி கழிந்ததும் ரஜாய் மீண்டும் பெட்டிக்குள் போகிறது. கறுப்பன் இரண்டு நாள் கட்டிலைச் சுற்றி முகர்ந்து திரிவான். பிறகு துளசிமாடத்து ஈரமண்ணைப் பறித்துக் குழி தோண்டி, வயிற்றை அதில் பதித்துப் படுத்துக்கொள்வான். குளிரில் ரஜாயைப் பறித்த அதே முன்கால்தான். வீட்டு அம்மாள் கடிந்துகொள்வார். பழைய வேட்டி ஒன்றை நனைத்துத் தரையில் விரித்ததும் குழியை விட்டு அதில் வந்து படுப்பான்.