நீரும் பகையாகும் நெருப்பு

தீப்பற்றினால் குடத்து நீரை எடுத்துக்கொண்டு ஓடுவது நம் கிராம மக்களின் வழக்கம். கூரை எரிந்தால் அது காக்கும். அலுமினியப் பொடி எரிந்தால் அதுவே உயிரைப் பறிக்கும். சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுக்கு ஒளியூட்டுவது இப்பொடியே. ஆகவே இதனை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அலுமினியப் பாத்திரம் நாள்தோறும் அடுப்பின்மேல் இருந்தும் எரிவதில்லை. பொடி மட்டும் எரிவானேன்? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக்கினால் மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகிறது. காற்றுப் படும் பரப்பு ஆயிரம் மடங்கு பெருகுவதால், பறக்கும் தூசியில் சிறு பொறி பட்டாலும் வெடிக்கும்.

உருகிய அலுமினியத்தின்மீது வேகமாகக் காற்றைப் பீச்சித் துளிகளாகச் சிதறச் செய்து பொடியாக்குவது ஒரு முறை. எஃகுக் குண்டுகள் உருளும் பீப்பாயில் இட்டு, கொழுப்பமிலம் சேர்த்து, மெல்லிய செதில்களாக அரைப்பது மற்றொரு முறை.

சர்வதேசப் போக்குவரத்து விதிகளில், மேற்பூச்சுள்ள பொடி 4.1 என்னும் பிரிவைச் சேர்ந்தது. அதன் அடையாளம் வெண்மையில் செங்குத்தான சிவப்புக் கோடுகள். பூச்சில்லாத பொடி 4.3 பிரிவு, நனைந்தால் அபாயம் என்பதைக் காட்ட நீல நிறச் சீட்டு. எழுத்தறியாதவரும் இந்நிறங்களைக் கண்டு விலகலாம்.

ஈரம் பட்ட பொடி சூடேறி, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். சீனாவின் குன்ஷான் நகரில், 2014 ஆகஸ்ட் 2-ஆம் நாள், சக்கரங்களை மெருகிடும் ஆலையொன்றில், தூசி சேகரிக்கும் பீப்பாயில் ஈரம் புகுந்து பொடி சூடேறியதே பெருவெடிப்புக்குக் காரணமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆதலின், பொடியை உலர்ந்த இடத்தில், இறுக மூடிய கலத்தில் வைத்தல் வேண்டும். சிந்தியதை மென்மையான தூரிகையால், தூசி எழாமல் திரட்டுக. சிறு நெருப்பாயின் உலர்ந்த மணலை மெதுவாகப் பரப்பி மூடுக. வீசி எறிந்தால் தூசி கிளம்பும். பெருநெருப்பாயின் அனைவரும் விலகி, 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரிடம், எரிவது உலோகப் பொடி என்பதை முதலில் உரைத்தல் வேண்டும்.

பொடியைக் கையாளும் கூடம் உள்ள ஒவ்வோர் ஊரிலும், மழை படாத இடத்தில் மணல் வாளிகள் இருக்கின்றனவா என்று உறுப்பினர்கள் இன்றே பார்ப்பார்களாக. நனைந்த மணலும் அங்கு நீரே.